பன்னிரண்டு கேள்விகளும் ஷரீஃபாவின் பதிலும்

கீழ்க்கட்டளை,
25.10.2009

அன்பு மச்சான் அஃப்தாபுக்கு,

உன் அக்கா வீட்டுக்காரர் அப்துல் ரசாக் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். சிகாகோ குளிரில் நீயும் ஷபீனாவும் பிள்ளைகளும் நல்ல உடம்போடு இருக்க அல்லாஹ் அருள்புரிவானாக. இங்கே நான் நலம், மகன் ஜைத் நலம், மருமகள் ஷாயிஸ்தா நலம், பல்லாவரத்துத் தார்ப்பாய்க் கடையும் நலம். உன் அக்கா ஷரீஃபாவும் இப்போது நலம். 'இப்போது' என்ற சொல்லைப் பார்த்ததும் போனை எடுக்காதே. கொஞ்சம் தள்ளி அதற்கு வருகிறேன். வரிசைப்படி சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். போனில் சொன்னால் பாதியிலேயே நீ டிக்கெட் எடுக்கக் கிளம்பிவிடுவாய் என்று அக்காதான் எங்கள் எல்லோர் வாயையும் கட்டிப்போட்டாள். கடிதமென்றால் கடைசிவரை வாசித்துத்தானே ஆகவேண்டும்?

பெருநாள் முடிந்த வாரம் நீ போன் செய்தாய், ஞாபகம் இருக்கும். "மச்சான், இங்க அமெரிக்காவுல வைத்தியச் சட்டத்தையே மாத்தப் போறாங்க, ஆளாளுக்கு அடிச்சுக்கறாங்க, எங்க தமிழ்ச் சங்க மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதணும், நம்ம ஊர் ஜனங்க ஆஸ்பத்திரிங்களப் பத்தி என்ன நெனைக்கறாங்கன்னு ஒரு நாலஞ்சு பேரைக் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாய். நாலைந்து பேரா? முப்பது வருடம் தார்ப்பாய் விற்றவன் நான். ஒருவர் கடைப் படி ஏறும்போதே லாரிக்கு வாங்க வந்தவரா, கல்யாணப் பந்தலுக்கு வாங்க வந்தவரா என்று சொல்லிவிடுவேன். ஜனங்களின் மனசு எனக்கு அத்துப்படி. அதுவுமில்லாமல் நம் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான். தெரு முழுவதையும் கேட்டுவிடுவது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

பன்னிரண்டு கேள்விகள் தயாரித்தேன். மேடவாக்கம் ரோட்டில் டி.டி.பி. கடையில் கொடுத்து, நாற்பது பிரதி எடுத்து, அட்டையில் கிளிப் மாட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு புறப்பட்டேன். ஒரே ஒரு குறை. மூன்றாவது கேள்வி, 'உங்கள் பகுதியில் மருத்துவத் தரம் எப்படி?' என்று இருந்திருக்க வேண்டும். டி.டி.பி. கடைப் பெண் ஒரு கால் வாங்கி அதிகமாகப் போட்டு, 'மருத்துவத் தாரம் எப்படி?' என்று அடித்துவிட்டது. நாற்பது பிரதியிலும் தாரம்தான். பேனாவால் திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன், பிறகு மறந்துபோனேன்.

முதல் வீடு ஸ்ரீநிவாசராகவன் சார். மத்திய அரசு ஆபீசில் தணிக்கை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு கேள்வியைக் கேட்டால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். "ரசாக் சார், என்ன கேட்டாலும் கேளுங்கோ, வைத்தியம்கறது கவர்ன்மென்ட் கையிலதான் இருக்கணும். எல்லாருக்கும் இலவசமா குடுக்கணும்" என்று மேஜையைத் தட்டினார். அப்படியானால் நீங்கள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவீர்களா என்று ஐந்தாவது கேள்வியைக் கேட்டேன். "நான் எப்படிப் போறது? அங்க எல்லாரும்னா வரா!" என்றார். மூன்றாவது கேள்விக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். உள்ளே எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "வேதா நன்னாத்தான் இருக்கா. சர்க்கரைதான் கொஞ்சம் ஏறியிருக்கு" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன். மக்கள் சொன்னதை மாற்ற நான் யார்?

அடுத்து முனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் கிளியம்மாள். புதிதாக வந்திருக்கும் அரசு இன்ஷூரன்ஸ் கார்டு உங்களுக்குக் கிடைத்ததா என்று கேட்டேன். "கார்டெல்லாம் கீது பாய். போட்டோதான் பேஜாரு" என்று இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். குடும்பத்தோடு நிற்கவைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். எடுக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டு அம்மாள், கூட்டம் என்னவென்று பார்க்கக் கழுத்தை நீட்டியிருக்கிறாள். கிளியம்மாள், புருஷன், இரண்டு பெண்கள், நடுவே பக்கத்து வீட்டு அம்மாளின் முகம், எல்லோரையும்விடத் தெளிவாக. "இப்போ அந்தம்மாவுக்குக் கண்ணு ஆப்ரேசன் பண்ணணுமாம். உன் கார்டுல நானும் கீறேன், எனக்கும் பாத்தியதை கீதுன்னு தெனம் வந்து நின்னுகினு கீது. நீயே சொல்லு பாய், படத்துல கீறவள இல்லன்னு சொல்ல முடியுமா?" இந்தக் கேள்வி என் பட்டியலில் இல்லாததால் அடுத்த கேள்விக்குப் போனேன்.

மூன்றாவது, ஆட்டோ ஸ்டாண்டு லாசரஸ். இந்தப் பக்கத்து நோயாளிகளில் பாதிப் பேரை ஏற்றி இறக்கியவன். நல்ல ஆஸ்பத்திரி எது என்று எப்படித் தீர்மானிக்கிறாய் என்றேன். "அது டாக்டருக்கே தெரியாது பாய், ஆட்டோக்காரனுக்குத்தான் தெரியும். கொண்டாந்து உட்டவங்கள்ல எத்தினி பேர் நடந்து வந்து ஏர்றாங்கன்னு பாப்பேன். மார்பிள் போட்டுகினா இன்னா, ஃபவுண்டன் வெச்சுகினா இன்னா?" என்றான். நான் 'கருத்து இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். படித்தவர்களுக்கான கேள்விகளுக்கு இப்படிப் பதில் சொன்னால் எங்கே அடக்குவது?

ஆக முப்பத்துநான்கு வீடு முடித்தேன். எல்லோருக்கும் இலவச வைத்தியம் வேண்டும் என்றவர்கள் முப்பத்துநான்கு பேர். இலவச வைத்தியம் கொடுக்கும் இடத்துக்குப் போவோம் என்றவர்கள் மூன்று பேர். உயர்ந்த சிகிச்சை எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு இருபத்தொன்பது பேர், ஜி.எஸ்.டி. ரோட்டில் வாசலில் நீரூற்று வைத்துக் கட்டியிருக்கும் புதுத் தனியார் ஆஸ்பத்திரியைச் சொன்னார்கள். அதில் இருபத்தாறு பேர் அதற்குள் போனதே கிடையாது. எனக்கு மிகத் திருப்தி. மக்கள் கருத்து என்றால் இப்படித்தான் ஒரு பக்கமாக உறுதியாக இருக்க வேண்டும்.

முப்பத்தைந்தாவது வீடு நம் வீடு. நேரத்தை மிச்சப்படுத்த அதை நானே பூர்த்தி செய்தேன். 'கடந்த ஒரு மாதத்தில் வீட்டில் யாருக்காவது உடல்நலக் குறைவு?' இல்லை. அக்கா அப்போது அடுப்பங்கரையிலிருந்து, "ஏங்க, மூணு நாளா எடது தோள் இழுக்குது, மாடி ஏறினா மூச்சு வாங்குது" என்று சொன்னது உண்மைதான். "கேஸ். ரெண்டு பல்லு பூண்டு சுட்டுத் தின்னு" என்றேன். எழுத்து வேலையில் இருப்பவனிடம் வந்து தோள் என்றால் வேறு என்ன சொல்வது?

அஃப்தாப், இனி வரும் பகுதியை உட்கார்ந்து வாசி.

அக்டோபர் ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு, ஸ்ரீநிவாசராகவன் சார் வீட்டுக் கூடத்தில் நாங்கள் இருவரும் கூட்டல் போட்டுக்கொண்டிருந்தோம். செல்போன் அடித்தது. மருமகள் ஷாயிஸ்தா. "மாமா, ஒடனே வாங்க. மாமிக்கு வேர்த்து ஊத்துது. தாடையெல்லாம் வலிக்குதுங்கறாங்க. முகமே ஒரு மாதிரி இருக்கு." இரண்டு நிமிடத்தில் வருகிறேன், எட்டாவது கேள்வியின் கூட்டல் முடியட்டும் என்றேன். இதை நீ பெரிதுபடுத்தக் கூடாது. பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஸ்ரீநிவாசராகவன் சார் என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினார். "கூட்டலாவது கழித்தலாவது! எழுந்து ஓடுங்கோ சார்!" என்றார். முப்பது வருடத் தணிக்கையில் அவர் கூட்டலைப் பாதியில் விட்டது அன்றைக்குத்தான் என்று வேதா அம்மாள் பிறகு சொன்னார்.

வீட்டுக்குப் போனால் உன் அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். முந்தானை நனைந்திருக்கிறது. முகம் சுண்ணாம்பு பூசிய மாதிரி. என்னைப் பார்த்து, "கேஸ் இல்லங்க" என்றாள். அவ்வளவுதான். ஷாயிஸ்தா அவளைத் தாங்கிக்கொள்ள, லாசரஸ் ஆட்டோவை வாசற்படியிலேயே கொண்டுவந்து முட்டி நிறுத்த, நான் நிலைமையை என் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டேன். "நீரூற்று ஆஸ்பத்திரி!" என்றேன். இருபத்தொன்பது பேர் சொன்ன இடம் அல்லவா?

அங்கே உள்ளே நுழைந்ததும் ஏ.சி. குளிர் முகத்தில் அடித்தது. தரையில் என் முகம் தெரிந்தது. ஒரு பெண் சிரித்தபடி வணக்கம் சொன்னாள், சக்கர நாற்காலி வந்தது, இ.சி.ஜி. எடுக்க உள்ளே கொண்டுபோனார்கள். குறை சொல்லக் கூடாது. அந்தப் பெண் என்னிடம் ஒரு ஃபாரத்தைக் கொடுத்தாள். பதினாறு கேள்வி. 'எங்கள் மருத்துவமனையைப் பற்றி எவ்வாறு அறிந்தீர்கள்? பத்திரிகை, நண்பர்கள், விளம்பரப் பலகை.' நல்ல கேள்வி, எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். கேள்வி தயாரிப்பவனுக்குத்தான் கேள்வி தயாரிப்பவனின் அருமை தெரியும் என்பதால், நிதானமாக, தெளிவான கையெழுத்தில் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். அப்போது சின்ன வயது டியூட்டி டாக்டர் ஒருவர் இ.சி.ஜி. தாளோடு வந்தார். "மாரடைப்புதான் சார். எங்க இதய நிபுணர் ஒரு கருத்தரங்குக்குப் போயிருக்கார். ஏழு மணிக்கு வந்துடுவார். அதுவரைக்கும் அட்மிட் பண்ணி வெச்சுக்கச் சொல்றாங்க." மணி ஐந்தேகால். என்ன கருத்தரங்கு என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "நோயாளி பராமரிப்பின் தரம்" என்றார். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே வந்தார். "சார், ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி ஒண்ணு இருக்கு. இங்க இப்ப போட ஆளில்ல. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில போனவுடனே போடுவாங்க. பத்து நிமிஷம்தான். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க." அந்தப் பிள்ளை நூறு வயது வாழட்டும்.

நான் ஒரே நொடியில் முடிவெடுத்தேன். முப்பத்துநான்கு வீட்டின் கருத்தை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, "வண்டியைத் திருப்பு லாசரஸ்!" என்று கட்டளையிட்டேன். தலைமை என்றால் அதுதான்.

அரசு ஆஸ்பத்திரியில் நீரூற்று இல்லை. குழாயிலும் தண்ணீர் இல்லை. ஜனம் மட்டும் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி. லாசரஸ் அக்காவை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு, "நெஞ்சு வலி, நெஞ்சு வலி, வழி வுடு!" என்று கத்திக்கொண்டே நுழைந்தான். வெள்ளைப் புடவை கட்டிய, கனத்த சரீரமுள்ள நர்ஸ் ஒருவர் எதிரே வந்தார். செல்லம்மா என்று பெயர். "வலி எப்ப ஆரம்பிச்சுது?" என்றார். நான் முன்னால் வந்து, "அதாவது சிஸ்டர், மூன்று தினங்களுக்கு முன்பாக இவளுக்கு இடது தோளில்..." என்று தொடங்கினேன். "யோவ், மணி கேட்டேன். கதை கேக்கல!" என்றார். அக்கா கண்ணை மூடியபடியே, "நாலு மணிக்கு" என்றாள். அதன்பிறகு என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஃபாரம் இல்லை, சிரிப்பு இல்லை, வணக்கம் இல்லை. விஷ்ணுப்ரியா என்று ஒரு டாக்டர், நம் ஷாயிஸ்தா வயதுதான் இருக்கும், ஓடி வந்து பார்த்தார். ஐந்து நாற்பதுக்கு ஊசி ஏறிக்கொண்டிருந்தது. கதவை என் மூக்குக்கு முன்னால் சாத்தினார்கள். வெளியே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தேன். லாசரஸ் எங்கிருந்தோ டீ வாங்கிவந்து கையில் கொடுத்தான். அது ஆறிப்போகும்வரை கையிலேயே இருந்தது. ஆறரைக்கு டாக்டர் வெளியே வந்து, "வலி கொறைஞ்சிருக்கு. சரியான நேரத்துல கொண்டாந்தீங்க" என்றார். நான் அதை எதிர்பார்த்ததுதான் என்பதுபோலத் தலையாட்டினேன்.

ஆறு நாள் அங்கே இருந்தோம். உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன், உன் கட்டுரைக்கு ஆகும். ஊசி வேளை தவறவில்லை. டாக்டர் காலையும் மாலையும் வந்தார். நான்கு மின்விசிறியில் ஒன்று சுற்றியது. கட்டிலுக்கு அடியில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. கக்கூஸைப் பற்றி எழுதினால் உன் மலரை எவரும் கையில் எடுக்கமாட்டார்கள், அதனால் விட்டுவிடுகிறேன். இரண்டாம் நாள், மீதமிருந்த ஐந்து படிவங்களையும் எடுத்துக்கொண்டு வார்டு வாசலில் நின்று கணிப்பைத் தொடர்ந்தேன். இங்கே கிடைப்பது என்ன தரம் என்று படப்பையிலிருந்து வந்திருந்த ஒருவரைக் கேட்டேன். "தரமா? எம் பொஞ்சாதி பொழைச்சுட்டா. படுக்கப் பாய் நான் வூட்லேந்து கொண்டாந்தேன். ரெண்டையும் எழுதிக்கோ" என்றார். கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒருவர் கருத்தை இன்னொருவர் மறுக்க, மருந்துச் சீட்டுக்கு வரிசையில் நின்றவர்களும் வரிசையை விட்டுவிட்டு வந்து கருத்துச் சொல்ல, செல்லம்மா சிஸ்டர் வந்து என் அட்டையோடு எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு போனார். திருப்பிக் கேட்கப் போனேன். வார்டில் பதிவுத் தாள் தீர்ந்துபோயிருந்ததாம். என் படிவங்களின் பின்பக்கத்தில் ரத்த அழுத்தம், நாடி, மருந்து வேளை எல்லாம் கோடு போட்டு எழுதி, நான்கு கட்டிலின் கால்மாட்டிலும் தொங்கவிட்டிருந்தார். "உருப்படியா ஒரு பக்கமாவது ஆவட்டும்" என்றார். ஆக, என் கருத்துக் கணிப்பு இன்று அரசு ஆவணம். எத்தனை பேருக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்?

ஒரே ஒரு படிவம் என் சட்டைப் பையில் மடித்து இருந்தது. நாலாம் நாள் அக்கா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். குடித்துவிட்டு, "தெரு பூராவும் கேட்டீங்களே, என்னக் கேட்டீங்களா?" என்றாள். உனக்கான பதிலை நானே எழுதிவிட்டேன் என்றேன். "அப்ப இது யாரோட கருத்து?" என்றாள். நியாயமான கேள்விதான். படிவத்தைப் பிரித்து முதலிலிருந்து கேட்டேன்.

நோய் வந்தால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?

"வீட்டுக்காரர்கிட்ட."

அவரிடமிருந்து என்ன சிகிச்சை கிடைக்கிறது?

"பூண்டு."

எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது?

"மூணு நாள்."

கிடைக்கும் கவனிப்பில் உங்களுக்குத் திருப்தியா? நன்று, பரவாயில்லை, மோசம்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "மோசம்னு போடுங்க" என்றாள். பிறகு, "சீர்திருத்தம் வேணும்னா என்ன செய்யணும்னு ஒரு கேள்வி இருந்துச்சே, அதுக்கும் எழுதுங்க. ஒரு தடவ சொன்னா, அந்த ஒரு தடவயிலேயே கேக்கணும்" என்றாள். நான் அப்படியே எழுதினேன். கையெழுத்து அன்றைக்குச் சரியாக வரவில்லை. ஒற்றை மின்விசிறிக் காற்றில் தாள் ஆடியதுதான் காரணம்.

பதினைந்தாம் தேதி வீடு திரும்பினோம். லாசரஸ் ஆட்டோவில் அவள் தானே நடந்து வந்து ஏறினாள். தீபாவளிக்கு ஸ்ரீநிவாசராகவன் சார் வீட்டிலிருந்து அவளுக்கென்று தனியாக, எண்ணெய் கம்மியாக முறுக்கு வந்தது. கூட்டலையும் முடித்துக் கொடுத்துவிட்டார்.

எனவே உன் கட்டுரைக்கு முடிவாக எழுதிக்கொள். இந்த நாட்டு மக்களின் கருத்து எனக்குத் தெரிந்துவிட்டது. நீரூற்று ஆஸ்பத்திரியின் தரையும், அரசு ஆஸ்பத்திரியின் ஊசியும், செல்லம்மா சிஸ்டரின் அதட்டலும் ஒரே கட்டடத்தில் கிடைக்க வேண்டும். அந்தக் கட்டடமும் வீட்டுக்குக் கிட்டேயே இருக்க வேண்டும் என்று முப்பத்துநான்கு வீட்டுக்காரர்களும் கேட்கிறார்கள். உங்கள் ஜனாதிபதி விரும்பினால் என் பன்னிரண்டு கேள்விகளையும் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை. ஆபத்து நேரத்தில் பதறாமல் நிதானமாக முடிவெடுக்கும் ஒரு குடும்பத் தலைவர் வீட்டுக்கு வீடு இருந்தால் எந்தச் சட்டமும் தேவையில்லை என்பது என் சொந்தக் கருத்து. அதையும் சேர்த்துக்கொள்.

ஷபீனாவுக்கு என் துஆவும் பிள்ளைகளுக்கு என் அன்பும். உன் நெஞ்சில் ஏதாவது சுருக்கென்றால் சட்டம் நிறைவேறும்வரை காத்திருக்காதே. அல்லாஹ் உங்கள் எல்லோரையும் நல்ல பாதுகாப்பில் வைத்திருப்பானாக. வஸ்ஸலாம்.

உன் மச்சான்,
எஸ். அப்துல் ரசாக்
(செயலாளர், குடியிருப்போர் நலச் சங்கம்)

பின்குறிப்பு: தம்பி, நான் ஷரீஃபா. உறையை ஒட்டி வை என்று கொடுத்துவிட்டு மச்சான் தபால்தலை வாங்கப் போயிருக்கிறார். வாசித்துப் பார்த்தேன். நீ ஒன்றும் பயப்படாதே, நான் நன்றாக இருக்கிறேன். ஆனால் இதில் இருப்பதை நம்பிக் கட்டுரை எழுதிவிடாதே. வண்டியைத் திருப்பச் சொன்னது இவரில்லை, நான். அந்தச் சின்ன டாக்டர் காதில் சொன்னதும் இவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்தான் லாசரஸைக் கூப்பிட்டு, "என்னத் தூக்குப்பா, போலாம்" என்றேன். இவர் தெளிவான கையெழுத்தில் எழுதினேன் என்கிறாரே, அந்த ஃபாரத்தை ஷாயிஸ்தா பார்த்தாள். நோயாளி பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதியிருந்தாராம். ஆட்டோவில் வழி முழுக்க என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஊசி போடும்போது வெளியே இவர் அழுத சத்தம் கேட்டு, செல்லம்மா சிஸ்டர் வந்து இவரை அதட்டி, ரத்த அழுத்தம் பார்த்து, ஒரு மணி நேரம் பக்கத்துக் கட்டிலில் படுக்கப்போட்டார். நான் கண்ணை மூடியிருந்ததால், அழுததெல்லாம் எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள், இவருக்குத்தான் யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணயர்ந்தால், மெதுவாக வந்து என் மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்க்கிறார். நான் தூங்குகிற மாதிரியே படுத்திருப்பேன். அப்போதுதான் கொஞ்ச நேரமாவது வாயை மூடிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.